ஞானம் மதினிக்கு ஓர் இரைச்சல்

1

பெர்கனில் மழை பெய்வதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. பெய்யாவிட்டால்தான் சொல்வார்கள். அன்றும் பெய்துகொண்டிருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலை முறை முடிந்து, நனைந்த குடையை விரிப்பதா சுருட்டுவதா என்று வாசலில் நின்றேன். என்னோடு வேலை பார்க்கும் லாஷ் சீருடையைக் கழற்றிவிட்டுத் தன் சொந்தச் சட்டையில் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பு வரை முடி. கிழவிகளுக்கு அவன் சோறூட்டும் பொறுமை எனக்குக் கூட வராது.

அவன் கறுப்புச் சட்டையில் வெள்ளையாக ஏதோ வரைந்திருந்தது. காய்ந்த உடைமரத்துக் கொப்புகளை அள்ளிப் போட்ட மாதிரி ஒரே முள். இந்த வகைப் பாட்டுக்காரர்கள் தங்கள் பெயரை அப்படித்தான் எழுதுவார்கள், வாசிக்க முடியக் கூடாது என்பதே வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு வாசிக்க முடிந்தது. முள்ளுக்குள்ளிருந்து முதலில் ஒரு றகரம் மாதிரித் தெரிந்தது, அது ருகரம். பிறகு முழுதாக வந்துவிட்டது.

பொருநை.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். தமிழ் எழுத்தை ஒரு நார்வேக்காரன் நெஞ்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பிளாக் மெட்டல், அதிலும் காட்டையும் மழையையும் பனியையும் பாடுகிற வகை, இந்த வருஷம் வந்ததிலேயே அதுதான் பெரிது என்றான். ஒரே ஆள் செய்தது. கிட்டார், தாளம், குரல் எல்லாம் ஒருவரே. யாரென்று யாருக்கும் தெரியாது. ஆள் படம் கிடையாது, பேட்டி கிடையாது. அட்டையில் பெயர் என்று இந்த எழுத்து மட்டும். "பழைய தெய்வத்தின் பெயர் என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் எழுத்தா இது?"

"எங்கள் ஆறு. தாமிரபரணியின் பழைய பெயர்."

ஒரு ஆற்றின் பெயர் என்றதும் அவனுக்கு இன்னும் சந்தோஷம். உடனே காதுக்குக் கொடுக்கும் கருவியைக் கழற்றி நீட்டினான். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு, தகரக் கூரையில் கொட்டும் ஐப்பசி மழையைப் பத்து மடங்காக்கினால் எப்படியிருக்கும், அப்படி கிட்டார். அதற்கடியில் நிற்காமல் ஓடும் தாளம். தூரத்தில், ரொம்பத் தூரத்தில், யாரோ கத்துகிறார்கள். பாட்டு என்று சொல்ல முடியாது. கழுத்தை அறுக்கும்போது வரும் சத்தம். எடுத்துவிடலாம் என்று கை போனபோது வார்த்தை காதில் விழுந்தது.

"அங்கன நிக்காத அத்த. தண்ணி ஏறுது. மேல வா."

கழற்றிக் கொடுத்தேன். "என்ன சொல்கிறது அந்தக் குரல்?" என்று லாஷ் ஆவலாகக் கேட்டான். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன். குடை கையிலேயே இருந்திருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் போய்த்தான் பார்த்தேன்.

2

இந்த ஊரில் தமிழர்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். எங்கள் ஜெப ஐக்கியத்திலும் அவர்கள்தான். நாங்கள் ஒரே ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவர்கள் "அங்கை" என்பார்கள். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகள் "அங்க" என்பார்கள். "அங்கன" என்று சொல்ல இங்கே மூன்று பேர்தான். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள் ஜெமிமா.

அவள் அந்த வார்த்தையை எங்களிடம் கற்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறை வேலைக்கு முதலில் வந்தார். நான் நர்ஸ் படித்தவள். பாளையங்கோட்டையில் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்தேன். ஜெமிக்கு அப்போது ஐந்து வயது. சேர்ந்து வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் இந்த நாட்டுக்கு எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முதலெழுத்தாக இருந்தது, பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்து கடைசியில் போய் நின்றது. இரண்டும் ஒரே பிள்ளைதானா என்று இங்கே கேட்டார்கள். ஆமென்று அங்கிருந்து ஒரு தாள் வாங்கி அனுப்பினால், அந்தத் தாளில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். விண்ணப்பத்தில் "கிஃப்ட்" என்று ஒரு கட்டம் வேறு. அன்பளிப்பு ஏதும் கொண்டுவருகிறாயா என்று கேட்கிறார்கள் போல என நினைத்து, இல்லை என்று கோடு போட்டேன். இந்த மொழியில் அதற்குக் கல்யாணமானவர் என்று அர்த்தமாம். விஷம் என்றும் அர்த்தமாம். கவுண்டரில் இருந்த அம்மாள் சிரிக்காமல் சொன்னாள்.

இப்படியே இழுத்து இழுத்து ஏறக்குறைய இரண்டு வருஷம் போனது. அந்த இரண்டு வருஷமும் ஜெமி என் அண்ணன் சாமுவேல் வீட்டில் வளர்ந்தாள்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிய ஊர் அது. அண்ணனுக்கு வாழைத் தோட்டம். அவர் மனைவி ஞானம், எனக்கு மதினி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் ஊர்க் கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவார். அவர் வாயைத் திறந்தால் முன்வரிசைப் பெஞ்சு அதிரும் என்று ஞானம் மதினி பெருமையாகக் கேலி செய்வாள். ஜெமி அங்கே பள்ளிக்கூடம் போனாள், வாய்க்காலில் நீச்சல் படித்தாள், வாழைத்தாரைத் தோட்டத்திலேயே எண்ணிச் சொல்லப் படித்தாள். ஏழு வயதில் தாள்கள் எல்லாம் சரியாகி நான் கூட்டிவரப் போனபோது, விமான நிலையத்தில் அவள் அத்தையின் சேலை முந்தானையை விடவில்லை. மதினிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் அவளை யெமி ஆக்கிவிட்டார்கள். ஜகரத்தை இவர்கள் யகரமாகத்தான் சொல்வார்கள். வீட்டில் ஜெமி, வெளியே யெமி. யெமி மளமளவென்று வளர்ந்தாள், பனிச்சறுக்குப் படித்தாள், எங்களுக்குப் புரியாத வேகத்தில் அந்த மொழியைப் பேசினாள். ஜெமி மட்டும் வளரவே இல்லை. அவள் தமிழ் அந்த ஏழு வயதிலேயே, ஆற்றங்கரைப் பேச்சிலேயே நின்றுபோனது. இருபத்தாறு வயதில், வயிற்றுவலி வந்தால், "எம்மா, எனக்கு வகுத்த வலிக்கி" என்பாள். வேலை, வாடகை, காதல், கவலை எதையும் அந்தத் தமிழில் சொல்ல முடியாது. அதனால் எங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

பதினைந்து வயதில் ஜெப ஐக்கியத்துக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு கறுப்பு உடை. பிறகு கிட்டார். அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். இந்த இசைக்காரர்கள் சிலர் ஒரு காலத்தில் இங்கே பழைய மரத் தேவாலயங்களைக் கொளுத்திய கதையை ஐக்கியத்தில் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மிஷனரிகள் கட்டிய பள்ளிக்கூடத்தில் தாத்தா காலத்திலிருந்து படித்து வந்த குடும்பம், அந்த மிஷனரிகள் வந்த குளிர் நாட்டுப் பக்கத்துக்கு வந்து பிள்ளையை இப்படிப் பறிகொடுக்கவா என்று புலம்புவார். நான் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன். வேறென்ன செய்ய.

3

அந்தத் தாமிரபரணி வெள்ளம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இதை வாசிக்கும் நீங்கள் அங்கே இருந்தீர்கள். நான் இங்கே இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

மழை விடாமல் பெய்கிறது என்று அண்ணன் காலையில் பேசினார். சாயங்காலம், குளம் உடைத்துக்கொண்டது, வீட்டுக்குள் தண்ணி, மாடிக்குப் போகிறோம் என்றார். பிறகு ஃபோன் இல்லை. கூப்பிட்டால் அந்தப் பெண் குரல், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று. நானும் ஜெமியும் ஆளுக்கொரு ஃபோனை வைத்துக்கொண்டு மாறி மாறிக் கூப்பிட்டோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டி.வி.யில் ஏதோ ஊர்க் கூரைகள் தெரிந்தன. எந்த ஊரென்று சொல்ல முடியவில்லை. மரங்களும் இல்லை, ரோடும் இல்லை, எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர்.

மூன்றாம் நாள் சாத்தான்குளத்திலிருந்து எங்கள் பெரியப்பா மகள் கிருபை அக்கா பேசினாள். "அண்ணன் இருக்காவ. மதினி போயிட்டாவட்டி" என்றாள்.

மதினிக்குச் சர்க்கரையும் மூச்சிரைப்பும் உண்டு. மொட்டைமாடியில், மழையில், ஒரு தார்ப்பாயின் கீழ் உயிர் போயிருக்கிறது. படகு வந்து சேரும் வரை அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட் எடுத்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சுவரில் என் தலைக்கு மேலே சேற்றுக் கோடு. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. அண்ணன் வாசலில் உட்கார்ந்து, ஒரு சட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மதினி குழம்பு வைக்கும் சட்டி.

அதன் பிறகு அவர் பாடவில்லை. பாடகர் குழுவிலிருந்து கூப்பிட்டும் போகவில்லை. கோயிலில் கடைசிப் பெஞ்சு. எல்லாரும் பாடும்போது வாயை மூடி நிற்பார் என்று கிருபை அக்கா சொன்னாள்.

அடுத்த கோடையில் ஜெமி தனியாக ஊருக்குப் போனாள். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாள். பாபநாசத்திலிருந்து கடல் சேரும் வரை ஆற்றங்கரையிலேயே சுற்றினாள் என்று கேள்வி. கையில் சத்தம் பதிவுசெய்யும் பெட்டி. மாமாவைப் பார்க்கத்தான் போயிருக்கிறாள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவள் திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்போது பார்த்தால் அவளும் அவள் மாமாவும் ஒரே நோயில் விழுந்திருக்கிறார்கள். ஒருவர் சத்தத்தை விட்டார், ஒருத்தி சத்தத்தைப் பிடித்துக்கொண்டாள்.

4

லாஷ் எனக்கு அந்தப் பாட்டைக் கேட்கக் கொடுத்த வாரமே ஒரு ஞாயிறு மதியம் ஜெமி வீட்டுக்குப் போனேன். பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை அவளுக்கு; மலைச்சரிவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். மீன்குழம்பு கொண்டுபோயிருந்தேன். அவள் நின்றுகொண்டே விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

"பொருநைன்னு ஒண்ணு வந்திருக்காமே" என்றேன்.

அவள் கை நின்றது. "யாரு சொன்னா?"

"எங்கூட வேலை பாக்குத பையன் சட்டையில போட்டிருக்கான்."

சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் மாறி முகம் கோணிப்போனது. சின்னப் பிள்ளையில் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் கோணும்.

"ஏம்மா, மோசமா இருக்கா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் கொஞ்சந்தான் கேட்டேன். ஆமா, இப்பிடிக் கத்துனா பக்கத்து வீட்டுல சண்டைக்கு வரமாட்டாங்களா?"

காருக்குள் உட்கார்ந்து கத்தினாளாம். அவள் அப்பாவிடம் கடை சாமான் வாங்க என்று கார் கேட்டுக் கேட்டு எடுத்துப்போனது அதற்குத்தான். கடலோரம் ஆளில்லாத இடமாக நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, மைக்கைப் பின்னால் பார்க்கும் கண்ணாடியின் கம்பியில் கட்டி, தொண்டை போகும் மட்டும் கத்துவாள். பிறகு இரண்டு நாள் பாலர் பள்ளியில் பேச்சு வராது. சளி என்று சொல்லிக்கொள்வாள்.

மொத்தம் ஆறு பாட்டு. முதல் பாட்டு பொதிகை மலையில் ஆரம்பிக்கிறது, ஆறு இறங்கி வருவது மாதிரியே பாட்டுகளும் இறங்கி வருகின்றன. கடைசிப் பாட்டின் பெயர் "மொட்டைமாடி". மொட்டைமாடி என்பது தமிழர்களின் புனித மலை என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதியிருக்கிறாராம். ஆதி மொழியில் மந்திரம் போலக் கத்துகிறார் என்றும். மந்திரமெல்லாம் இதுதான்: கதவத் தொற அத்த. எந்திரி அத்த. தண்ணி ஏறுது. அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

"நார்வே மொழியில எழுதியிருக்கலாமே" என்றேன்.

"அத்தைக்கு அது தெரியாதும்மா."

குழம்புப் பாத்திரத்தை மூடி வைத்தேன். வெளியே மழை.

"மாமாட்ட சொன்னியா?"

"இல்ல." கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மாமா கேக்கணும்னுதான் செஞ்சேன். செஞ்சி முடிச்சப்புறம் பயமா இருக்கு. ஒங்க அத்தைய வச்சிப் பாட்டுக் கட்டி ஊரெல்லாம் விக்கியான்னு கேட்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மதினியின் இரண்டாம் வருஷ நினைவுக்கு ஊருக்குப் போகிறேன், நீயும் வா என்று மட்டும் சொன்னேன்.

வருவதாகச் சொன்னாள். ஆனால் அவள் இப்போது இந்த நாட்டுக் குடியுரிமைக்காரி. பாளையங்கோட்டையில் பிறந்தவள் பாளையங்கோட்டைக்கு வர விசா வேண்டும். அவள் அனுப்பிய படத்தின் பின்னணி போதுமான வெள்ளையாக இல்லை என்று முதலில் திரும்பி வந்தது. பிறகு பெற்றோர் பிறந்த ஊர், பெற்றோரின் பழைய குடியுரிமை. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் வரிசையாக என்னென்னவோ இருந்தன. அத்தைக்காக அழுவது அதில் இல்லை. சுற்றுலா என்று போட்டோம்.

5

அண்ணன் ஒன்றரைச் சுற்று இளைத்திருந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தது. புது வாழை இடுப்புயரம் வந்திருந்தது. ஜெமியைப் பார்த்ததும் "வா பிள்ள" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் தட்டில் மட்டும் மீனின் நடுத்துண்டைத் தேடி வைத்தார்.

நினைவு நாள் ஜெபத்துக்குப் போதகரும் சொந்தக்காரர்களும் வந்தார்கள். முன்னறையில் மதினி படத்துக்கு மாலை. கீர்த்தனை பாடும்போது நான் அண்ணனைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். போதகர் அவரைப் பார்க்காத மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த சரணத்துக்குப் போனார்.

சாப்பாடு முடிந்தது. போதகர் கிளம்பினார், சொந்தங்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கிருபை அக்கா மட்டும் இருந்தாள். கொஞ்ச நேரமாகவே அவள் ஜெமியின் கறுப்புச் சுடிதாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்தரு, ஒண்ணு கேக்கேன், கோவிச்சிக்கிடாத" என்று என்னிடம் ஆரம்பித்தாள். "கங்கைகொண்டான் கம்பெனியில வேலை பாக்குத எம் மவன் ஃபோன்ல ஒண்ணு காட்டுனான். இவ பாடுனதாமே. பேரு போடாட்டா தெரியாதா? இந்த வீட்டுப் படம்லா அதுல போட்டிருக்கு."

அட்டையில் வீட்டின் படம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். வெள்ளம் வடிந்த மறுநாள் யாரோ எடுத்தது.

"கேட்டேன். கேக்க முடியல. பேய் கத்துத மாதிரி இருக்கு. சாத்தானக் கும்பிடுத கூட்டம் பாடுத பாட்டாம், எம் மவன் சொல்லுதான். அதுல அத்த அத்தன்னு... செத்துப் போன மனுஷிய எதுக்குட்டி அதுல கொண்டு சேக்கீய?"

ஜெமி எழுந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. பதில் சொல்லத்தான் தமிழ் இல்லை. "நான் சாத்தானக் கும்பிடல, பெரியம்மா" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து அண்ணன் குரல் கேட்டது.

"என்ன பாட்டு?"

கிருபை அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏ பிள்ள, ஒன்னத்தான் கேக்கேன். என்ன பாட்டு?"

"அத்தை பாட்டு, மாமா."

"போடு. கேப்போம்."

அவள் பையிலிருந்து பெரிய காதுக்கருவியை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். கடைசிப் பாட்டை வைத்தாள். கால் மணி நேரம் ஓடும் பாட்டு அது. எங்கள் காதில் ஒன்றும் விழவில்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறிப்பது போல ஒரு சின்னச் சலசலப்பு மட்டும்.

அண்ணன் முதலில் முகம் சுளித்தார். கருவியைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடினார். இரண்டு கையாலும் கருவியை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு பெரிதாக ஏறி இறங்கியது. தொண்டை மணி மேலும் கீழும் போய் வந்தது, தண்ணீர் குடிப்பவர் மாதிரி. கிருபை அக்கா, "நிறுத்தச் சொல்லுட்டி, மனுஷனுக்கு என்னமும் ஆயிரப் போவுது" என்று என் கையைக் கிள்ளினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஜெமி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் அவரே கழற்றி மடியில் வைத்தார்.

"அன்னைக்கு நானும் இப்பிடித்தான் கத்துனேன்" என்றார்.

வெள்ளத்துக்குப் பிறகு அவர் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

"வார்த்தையே வரல. மாடு கத்துத மாதிரிக் கத்துனேன். ஒரு படகு அந்தால போச்சு. கையக் காட்டிக் காட்டிக் கத்துதேன், அவனுவ திரும்பிப் பாக்கல. அவனுவளக் குத்தஞ் சொல்லல. தண்ணி இரைச்சல்ல எனக்கே எஞ் சத்தம் கேக்கல. பெறவு இன்னொண்ணு போச்சு. அப்பமும் கத்துனேன். கோயில்ல நான் பாடுனா ரோடு வரைக்கும் கேக்கும்பாவ. அன்னைக்கு நாலு தென்னமரத்துக்கு அங்கிட்டு கேக்கல." நிறுத்தி, ஜெமியைப் பார்த்தார். "அன்னைக்கு ஒதவாத தொண்டைய வச்சி இனி என்ன பாட."

கிருபை அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிது? நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலியே."

"எனக்குத் தெரியாது மாமா" என்றாள் ஜெமி. "நான் அங்கன இருந்திருந்தா எப்பிடிக் கத்தியிருப்பேன்னு கத்துனேன்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, வாழைக்கன்று நட்ட இடத்தில் பிசகு சொல்லும் அதே தொனியில் சொன்னார்:

"ஆனா ஒண்ணு தப்பு, பிள்ள. நீ எந்திரி எந்திரின்னு கத்துத. அவ படுத்துக் கெடக்கல. கடைசி வரைக்கும் உக்காந்துதான் இருந்தா. மூச்சு வாங்குது, பேச முடியல, ஆனாலும் எஞ் சட்டையப் புடிச்சிக் கீழ இழுக்கா. உக்காரச் சொல்லுதா. நான் உக்காரல. அப்பதான் சொன்னா, 'தொண்டையப் புண்ணாக்கிக்கிடாதீய. அடுத்த வாரம் பாடணும்லா'ன்னு."

அவர் அழவில்லை. ஜெமிதான் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். வாய்விட்டு, ஊர்ப் பெண்கள் அழுவது போல. அந்தப் பாட்டில் வரும் குரல் அவளுடையதுதான் என்று எனக்கு அப்போதுதான் முழுதாக நம்பிக்கை வந்தது. அண்ணன் அவள் தலையில் கையை வைத்தார். "அதுக்கப்பொறம் ஒண்ணுஞ் சொல்லல. நான் கத்தவும் இல்ல. பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். அவ சொன்னத அந்தக் கடைசி நேரமாவது கேட்டேன்."

கிருபை அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசல் வரை போய்த் திரும்பினாள். "இருந்தாலும் இதக் கோயில்ல கீயில்ல போட்டுராதீய" என்றாள். அண்ணன் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கால் ஒரு காற்று விட்டார். அவள் காப்பி போடப் போனாள்.

6

கிறிஸ்துமஸ் முடியும் வரை இருந்தோம். ஆராதனையில் அண்ணன் கடைசிப் பெஞ்சிலேயே நின்றார். ஜெமி அவரோடு நின்றாள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பாடகர் குழுவில் கீழ்க்குரலுக்கு நாசரேத்திலிருந்து ஒரு புதுப் பையன் வந்திருந்தான், நன்றாகத்தான் பாடினான்.

திரும்பும் வழியில், விமானம் ஏதோ பாலைவன ஊரில் நின்றபோது, ஜெமியிடம் கேட்டேன். மாமா சொன்னதைப் பாட்டில் சேர்ப்பாயா? எந்திரி என்கிற இடத்தை மாற்றுவாயா? இவ்வளவு பேர் கேட்கிறார்களே, சரியானதைச் சொல்ல வேண்டாமா?

"இல்லம்மா" என்றாள். "அது மாமாவுக்குள்ளது."

எனக்கும் அலுப்பாக இருந்தது. கால் வீங்கியிருந்தது. நாளை மறுநாள் காலை முறை.

இங்கே எல்லாம் பழையபடிதான். அந்த ஆல்பத்தை இன்னும் நான் முழுதாகக் கேட்கவில்லை. இரண்டாம் பாட்டில் தலை வலிக்கத் தொடங்குகிறது. என் வீட்டுக்காரர் ஒருநாள் காருக்குள் உட்கார்ந்து மூன்றாம் பாட்டு வரைக்கும் கேட்டார். உள்ளே வந்து, "குறுக்குத்துறைப் படித்துறைச் சத்தம் அப்பிடியே வருது" என்றார். ஜெப ஐக்கியத்தில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஜெமி கோயிலுக்கு வரத் தொடங்கிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். அந்நேரம் அங்கே சாயங்காலம். அண்ணன் ஃபோன் வரும். என்னைக் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார். அவளோடு அப்படியில்லை. வாழைக்கு வந்த நோய், பாலர் பள்ளிப் பிள்ளைகளின் சேட்டை, அத்தை வைக்கும் சொதியில் தேங்காய்ப்பாலை எப்போது விடுவாள் என்பதில் ஒரு தர்க்கம். அவள் ஸ்பீக்கரில் போட்டிருப்பாள், நான் அடுப்படியில் நின்று கேட்பேன். சில இடங்களில் இரண்டு பேரும் பேசாமலே ஃபோனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். காசு ஆகாத ஃபோன்தானே என்று நானும் விட்டுவிடுவேன்.

போன ஞாயிறு அப்படிப் பேச்சு நின்று, அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது கேட்டது. பிறகு வேறு ஏதோ சத்தம். இருமலா, செருமலா, ஒரு ராகத்தைத் தொட்டுப் பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. நான் குழாயை மூடுவதற்குள் அது நின்றுவிட்டது.

"தொண்ட எப்பிடி இருக்கு மாமா?" என்று ஜெமி கேட்டாள்.

"இருக்கு" என்றார். "பைய வருது."